பின்பலகை மாற்றும் வேலை: பழைய ஃபைபர் படகு

பழவேற்காட்டில் வாங்கிய பழைய ஃபைபர் படகின் பின்பலகை வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. எஞ்சினின் பாரம் முழுவதையும் தாங்குவது இந்தப் பலகைதான். வெளிப்பார்வைக்குக் குறையே தெரியவில்லை. சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தபோது ஓரங்களில் கணீரென்று கேட்டது. எஞ்சின் போல்ட்டுகளுக்குக் கீழே ஓசை அமுங்கிப்போனது. அங்கே உள்பக்கமாகத் துளையிட்டேன். துளைக்கும் ஊசியைச் சுற்றிக்கொண்டு காப்பித்தூள் நிறத்தில் ஈரச் சக்கை வந்தது.

பின்பலகை என்பது இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே வைத்த பிளைவுட். உள்தோலை மட்டும் கிரைண்டரால் அறுத்தெடுத்தேன். வெளித்தோலைத் தொடவில்லை, புதுப் பலகைக்கு அதுதான் அச்சு. நடுவில் பிளைவுட் அடுக்கடுக்காகக் கையோடு உரிந்துவந்தது. மூலைகளிலோ உளி வைத்தாலும் அசையவில்லை. மட்கல் தொடங்கிய இடம் போல்ட் துளைகள்தான். துளையின் வாயில் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வைத்திருக்கிறார்கள், உள்சுவரில் மரம் திறந்தே கிடந்திருக்கிறது. சீலன்ட் விட்டதும் மழைநீர் இறங்கிவிட்டது. கடல்நீரைவிட மழைநீர்தான் மரத்துக்குப் பெரிய எதிரி. உப்பு பூஞ்சையைச் சற்று அடக்கிவைக்கும்.

ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள மரைன் பிளைவுட், 18 மி.மீ. பலகை இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்கினேன். படகு கட்டும் அண்ணன் ஒருவர், "பாலியெஸ்டர் ரெசினே போதும் தம்பி, எதற்கு வீண்செலவு?" என்றார். இரண்டுமே இறுகிக் கெட்டியாகும் பிசின்கள்தான், ஆனால் மரத்தைப் பற்றிப் பிடிப்பதில் எபாக்ஸிதான் உசத்தி என்பதால் அதையே வாங்கினேன். எபாக்ஸிக்கு வழக்கமான மேட் (நறுக்கிய கண்ணாடியிழைகளாலான விரிப்பு) சரிப்படாது; மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்கென்றே அமைந்தது. ஆகவே நெய்த கண்ணாடியிழைத் துணி.

முதல் பூச்சை வெயில் தாழ்ந்த பிறகே பூசினேன். காலையில் பூசினால், சூடு ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழிகளாகக் கிளம்பும். மாலையில் அதே காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெட்டு விளிம்புகள் ஊற்ற ஊற்றக் குடித்தன. அவை மினுமினுக்கும்வரை நான் விடவில்லை.

இப்போது பலகை இடத்தில் உட்கார்ந்துவிட்டது. துணி மூலையில் மடிந்து காற்றுப் பிடிக்காதிருக்க, சிலிக்காத் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியை வளைவாக இழுத்து வைத்திருக்கிறேன். அடுத்து துணி ஒட்ட வேண்டும், பிறகு துளைகள். 8 மி.மீ. போல்ட்டுக்கு 16 மி.மீ. துளையிட்டு, கெட்டியான எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் 8 மி.மீ. துளை போடுவேன். போல்ட்டைச் சுற்றி 4 மி.மீ. எபாக்ஸிச் சுவர் நிற்கும். இனி சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.