போகாத ஊரில் ஓர் அபராதம்

கோத்தகிரியில் மழைக்குப் பயந்து கொட்டகையிலேயே நின்றிருந்த என் ஸ்கூட்டர், சமவெளியில் தலைக்கவசமின்றி ஓடியதாக 1,000 ரூபாய்க்கு இ-சலான் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அது ஒரு மோட்டார் சைக்கிள் என்பதும், எண் பலகையின் கடைசி 8 சேறு படிந்து என் வண்டியின் 3 போலத் தெரிந்ததும் புலப்பட்டன. கட்டித் தொலைத்துவிடலாம் என்றார் கணவர். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்கள் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள் என்பதால், 15100 என்ற சட்ட உதவி எண்ணில் பேசிவிட்டு உதகைக்குப் பேருந்து ஏறினேன். அங்கே கிடைத்த வழக்கறிஞர், பதிவுச் சான்றின் நகலையும் ஸ்கூட்டரின் படத்தையும் இணைத்து ஆட்சேப மனு எழுதித் தந்தார். நான் சொன்ன 'சேறு' மட்டும் மனுவில் 'மண் படிவு' ஆகியிருந்தது. மூன்று வாரத்தில் சலான் ரத்தானது.