ரயில் நிலையம் வரையிலான நான்கு கிலோமீட்டர்

சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் முதன்முறையாக நூறு ரூபாயைத் தாண்டியது 2021 ஜூலைத் தொடக்கத்தில். அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு தன் பங்கு வரியில் லிட்டருக்கு மூன்று ரூபாயைக் குறைத்தது. மாநிலத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் ஓடுகின்றன என்பதையும், அவற்றை ஓட்டுகிற உழைக்கும் மக்களையே விலையேற்றம் அதிகம் பாதிக்கிறது என்பதையும் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் நிதிநிலை அறிக்கையில் சுட்டிக்காட்டியபோது, எங்கள் வீட்டைப் பற்றியே பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் அப்போது இரண்டு வண்டிகள் இருந்தன: என் ஸ்கூட்டர், கணவரின் பைக். ஆனால் அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. 2022 ஏப்ரலில் விலை 110 ரூபாய் 85 காசு வரை ஏறியது. மே மாதம் மத்திய அரசு கலால் வரியை எட்டு ரூபாய் குறைத்த பிறகு 102 ரூபாய் 63 காசுக்கு வந்தது. 2024 மார்ச்சில் இன்னும் இரண்டு ரூபாய் குறைந்தும் நூறு ரூபாய்க்குக் கீழே வரவில்லை.

விலை ஏறும்போது நம் தலையில் இறங்குவது போல, குறையும்போது நம் கைக்கு வந்து சேர்வதில்லை. 2020 ஊரடங்கில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை அதலபாதாளத்துக்குப் போனபோது, அந்த மார்ச்சிலும் மே மாதத்திலுமாகப் பெட்ரோல் மீதான மத்திய வரி லிட்டருக்குப் பதின்மூன்று ரூபாய் கூட்டப்பட்டது. பெட்ரோல் ஜிஎஸ்டி வரம்புக்குள் இல்லை. மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்குமே அது பெரிய வருமானம். எனவே விலை குறையட்டும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, எனக்குத் தேவைப்படும் லிட்டர்களைக் குறைக்க என்ன வழி என்று பார்க்கத் தொடங்கினேன்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அலுவலகம் நுங்கம்பாக்கத்தில். போக வர ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஜிஎஸ்டி சாலை எனப்படும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையின் நெரிசலில் ஸ்கூட்டர் லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் கொடுத்தால் பெரிது. ஆக ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர், மாதத்துக்கு மூவாயிரம் ரூபாய். ஆயில் மாற்றுவது, டயர் தேய்மானம், கிளட்ச் செட் ஆகியவை தனி. குரோம்பேட்டையில் தொடங்கி கத்திப்பாரா தாண்டும் வரை முன்னால் போகும் லாரியின் புகையைக் குடித்துக்கொண்டே போனால், ஒன்றேகால் மணி நேரம் கழித்து அலுவலகத்தில் உட்காரும்போதே பாதி உழைப்பு முடிந்த களைப்பு வந்துவிடும்.

இதே பாதையில்தான் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடுகிறது. 1931 முதல் ஓடுகிற தடம் அது. சாதாரண ரயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை இரண்டாம் வகுப்புக் கட்டணமே பத்து ரூபாய்தான். தினமும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தாலும் மாதத்துக்கு ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது. சீசன் டிக்கெட் எடுத்தால் அதிலும் பெருமளவு குறைகிறது. அந்த ஒரு சீசனில் அதே தடத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம் என்பதும், மூன்று மாத சீசனுக்கு மூன்று மடங்கு கட்டணம் கேட்காமல் 2.7 மடங்குதான் வாங்குகிறார்கள் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. தாம்பரத்தில் ஏறினால் நுங்கம்பாக்கத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரும்பாலும் உட்கார இடமும் கிடைக்கும்.

இவ்வளவு மலிவான, வேகமான ரயில் ஓடும்போது எங்கள் தெருவில் ஏன் வீட்டுக்கு இரண்டு வண்டிகள் நிற்கின்றன? அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்தபோது ரயிலைக் குறை சொன்னவர் அநேகமாக எவரும் இல்லை. எல்லோருக்கும் சிக்கல் வீட்டுக்கும் நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் நான்கு கிலோமீட்டரில்தான். நடந்து போகத் தூரம் அதிகம். பேருந்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஷேர் ஆட்டோ நிறைந்த பிறகுதான் கிளம்பும், அதுவும் முதன்மைச் சாலையில்தான் கிடைக்கும். அதனால் வண்டியை எடுக்கிறார்கள். எடுத்த வண்டியை நிலையத்தில் நிறுத்தினால் ஸ்டாண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டும், மாலையில் இரண்டு வரிசைக்கு நடுவிலிருந்து வண்டியை இழுத்து வெளியே எடுக்க வேண்டும் என்பதால், அப்படியே நுங்கம்பாக்கம் வரை ஓட்டிவிடுகிறார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கான பெட்ரோலை நான்கு கிலோமீட்டர் தீர்மானிக்கிறது. இந்தச் சிறு துண்டைச் சரிசெய்துவிட்டால் மீதி ரயிலே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது.

எனக்கு அந்தத் துண்டைச் சரிசெய்து கொடுத்தது மகளின் சைக்கிள். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிறார்களே, அந்த விலையில்லா சைக்கிள். மகள் கல்லூரிக்குப் போன பிறகு அது மாடிப்படிக்கு அடியில் காற்றிறங்கிக் கிடந்தது. எங்கள் தெருவில் மட்டுமே இப்படி நாலைந்து கிடக்கின்றன. தமிழ்நாடு முழுவதும் எத்தனை வீடுகளில் துணி காயப்போடுவதற்கு இடமாக நிற்கின்றனவோ! எடைக்குப் போடலாமா என்ற எண்ணத்தோடு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, கடைக்காரர் பின்சக்கரத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல கனமான ஃப்ரேம்மா இது, தூக்கிப் போட்டுடாதீங்க" என்றார். ஓவராயிலிங் செய்யச் சொல்லி விட்டுவிட்டு வந்தேன். இரண்டு டயர், டியூப், பிரேக் கட்டைகள், புதுச் செயின் போட்டு, முன்பின் சக்கரங்களின் ஹப்பில் பழைய பேரிங் குண்டுகளை மாற்றி கிரீஸ் வைத்து, வீல் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து ஒரு மாதப் பெட்ரோல் செலவுக்குள் முடிந்துவிட்டது.

நான்கு கிலோமீட்டர் என்பது சைக்கிளில் இருபது நிமிடம். முதலில் சில நாட்கள் முழங்காலுக்கு மேல் வலித்தது. சீட்டை ஒரு அங்குலம் உயர்த்தி வைத்த பிறகு அது போய்விட்டது; கால் கீழே போகும்போது முழங்கால் அநேகமாக நீளும்படி சீட் இருக்க வேண்டும் என்பதை, நம் பெண்கள் பலர் பயத்தினால் சீட்டைத் தாழ்த்தி வைத்தே ஓட்டுவதால், இங்கே குறிப்பிட்டுச் சொல்கிறேன். துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். துணி சிக்காமல் செயினை மூடுகிற தகடு (செயின் கார்டு) கட்டாயம் வேண்டும். சாப்பாட்டுப் பை முன்கூடையில் போய்விடும். வியர்வையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். காலை எட்டு மணிக்குள் கிளம்பி மெதுவாக மிதித்தால் ஏப்ரல், மே தவிர்த்த மாதங்களில் அது ஒரு பிரச்சினையே இல்லை. அந்த இரண்டு மாதங்களில் நான் பேருந்தையே நம்புகிறேன்.

பேருந்து என்றால் எங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. என் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்தப் பணம் மகனின் டியூஷன் கட்டணமாக மாறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இலவசம் என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். ஆண்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது. குளிர்சாதனப் பேருந்துகளையும் சேர்த்து 2025 மார்ச்சில் இரண்டாயிரம் ரூபாய் பாஸ் வந்தது. அந்தப் பெரிய பாஸே, தினமும் ஐம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டுபவரின் பெட்ரோல் செலவைவிடக் குறைவு.

மெட்ரோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டணம் பத்து முதல் ஐம்பது ரூபாய் வரை. பயண அட்டையோ கைபேசியில் எடுக்கும் கியூஆர் டிக்கெட்டோ பயன்படுத்தினால் இருபது சதவீதம் தள்ளுபடி. மின்சார ரயிலோடு ஒப்பிட்டால் கூடுதல்தான், ஆனால் கிண்டியில் இறங்கி மாறிக்கொண்டால் அண்ணா சாலை அலுவலகங்களுக்கு நேராகப் போய்ச் சேரலாம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன்று செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுக்க முடிவது, இப்படி மாறி மாறிப் போகிறவர்களுக்கு உண்மையான உதவி.

என் கணவரால் இதில் எதையும் செய்ய முடியாது. அவர் எலக்ட்ரீஷியன். காலையில் சேலையூர், மதியம் மேடவாக்கம், மாலையில் அனகாபுத்தூர் என்று அழைப்பு வருகிற இடத்துக்கெல்லாம் டிரில்லிங் மெஷினும் ஒயர் சுருளும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். உணவு கொண்டுவந்து கொடுக்கும் பையன்கள், பால் பாக்கெட் போடுபவர்கள், இரவு ஷிப்ட் செவிலியர்கள் ஆகியோரின் நிலையும் இதுதான். பொதுப் போக்குவரத்துக்கு மாறுங்கள் என்று இவர்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு மனம் வராது. இவர்களுக்கு உண்மையிலேயே வேண்டியது வரிக்குறைப்பு. அடுத்ததாக, மின்சார வண்டி வாங்கக் குறைந்த வட்டிக் கடன். மூன்று யூனிட் மின்சாரத்தில் எண்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடுகிற ஸ்கூட்டர்கள் இருக்கின்றன. யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றே வைத்தாலும் கிலோமீட்டருக்கு முப்பது காசு. பெட்ரோலில் அது இரண்டரை ரூபாய். கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், ஒரு லட்சத்துக்கு மேல் முதலீடு கேட்கும் வண்டியை, மாத வருமானம் நிலையில்லாத ஒரு தொழிலாளி எப்படி வாங்குவார்? வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் இருப்பவர் சார்ஜ் போடுவதற்கு ஒயரை எங்கிருந்து இழுப்பார்? இப்போதைக்கு என் கணவர் செய்வதெல்லாம், வாரம் ஒருமுறை டயர் காற்றைச் சரிபார்ப்பதும், நீண்ட சிக்னலில் என்ஜினை அணைப்பதும், ஒரே பகுதி வேலைகளை ஒரே நாளில் ஒதுக்கிக்கொள்வதும்தான். கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் மிச்சப்படுத்துகிறது.

என்னைப் போன்ற அலுவலகக்காரர்களுக்கு வேண்டியது அரசுக்குப் பெரிய செலவு வைக்காது. 2013-இல் சென்னையில் சிறிய பேருந்துகள் தொடங்கப்பட்டபோது, பெரிய பேருந்து நுழைய முடியாத உட்தெருக்களிலிருந்து நிலையங்களுக்கு ஆட்களைக் கொண்டு சேர்ப்பதுதான் நோக்கமாக இருந்தது. நோக்கம் சரியானது, ஆனால் ரயில் வரும் நேரத்தோடு பேருந்து நேரம் பொருந்தாவிட்டால் அதில் ஏறுவதற்கு ஆள் இருக்காது. ஒரு மின்சார ரயிலிலிருந்து நூற்றுக்கணக்கானோர் இறங்கிப் படியேறி மேற்குப் பக்கம் வரும்போது, அவர்களுக்காக ஒரு சிறிய பேருந்து ஐந்து நிமிடம் காத்திருந்தால் அது நிறைந்துதான் புறப்படும். மழைக்காலத்தில் இந்தத் தேவை இரட்டிப்பாகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் பகுதியே தண்ணீரில் நின்றதை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. அந்த அளவுக்குப் போகாத சாதாரண நவம்பர் மழையிலும், மூடி திறந்த வடிகால் எங்கே இருக்கிறது என்று தெரியாத சாலையில் சைக்கிளை இறக்க நான் துணிவதில்லை.

விளக்கு எரியாத சாலையில் இரவு வீடு திரும்புவதும் இதே போன்ற இடர்ப்பாடுதான். சைக்கிளை நிலையத்தில் பூட்டி வைத்தால் கூரை இல்லை. வெயிலிலும் மழையிலும் சீட் வெடித்து, செயின் துருப்பிடிக்கிறது. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூலமாக ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் அனுப்ப மனு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம். மேற்கு நுழைவாயிலுக்கு அருகே கூரையுடன் கூடிய, கட்டணமில்லாத சைக்கிள் நிறுத்தம். நிலையத்திலிருந்து முடிச்சூர் சாலை வரை எரிகிற தெருவிளக்குகள். இரவு பத்து மணி வரை ரயில் நேரத்தையொட்டி ஒரு சிறிய பேருந்து. இந்த மூன்றை மட்டும் கேட்டிருக்கிறோம். தாம்பரம் மேற்கில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்தில் மனு இருக்கும்.