ஐஸில் வந்த குழாய்

ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம்) பரிசோதனைக்கு ரத்தம் வந்தால், குழாய் சில்லென்று இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்ப்பேன். ஒருமுறை மாட்டிக்கொண்ட பிறகு வந்த பழக்கம் இது.

உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்த இரண்டாம் வருடம். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை முடிந்த ஒரு பெரியவருக்கு, வைட்டமின் டி, கால்சியம், பி12, ஃபோலேட், ஹோமோசிஸ்டீன் என்று நீளமாக ஒரு சீட்டு வந்தது. ஹோமோசிஸ்டீன் 21. பெரும்பாலும் லிட்டருக்கு 15 மைக்ரோமோலுக்குள் இருக்க வேண்டியது; பி12, ஃபோலேட் என்ற பி வைட்டமின்கள் குறைந்தாலோ, சிறுநீரகம் கெட்டாலோ ஏறும். இயந்திரத்தின் கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனை மாதிரி) எல்லாம் சரியாக இருந்ததால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடமிருந்து போன். "ஏம்மா, பி12 நல்லா இருக்கு, ஃபோலேட் நல்லா இருக்கு, கிட்னியும் சரி. இது மட்டும் எப்படி ஏறும்? ரத்தம் எடுத்து எவ்வளவு நேரம் கழிச்சு சுத்தினீங்க?"

விசாரித்தேன். காலை ஆறு மணிக்கு எடுத்த ரத்தம், வார்டு மேசையில் மற்ற குழாய்களோடு உட்கார்ந்திருந்து, பதினொரு மணிக்குத்தான் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் எங்கள் சென்ட்ரிஃபியூஜுக்கு வந்திருக்கிறது. குழாய்க்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் சும்மா இருப்பதில்லை; ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். அதனால்தான் ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் அணுக்களிலிருந்து பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) பிரிக்கச் சொல்கிறார்கள். மறுபடி ஐஸில் எடுத்துப் பார்த்தோம்: 14. பெரியவருக்கு இன்னொரு ஊசிக்குத்து, எனக்குத் தலைகுனிவு.

அதற்குப் பிறகுதான், எலும்பு டாக்டர்கள் இதை ஏன் கேட்கிறார்கள் என்றே படிக்க ஆரம்பித்தேன். (அதுவரை இதய நோய்ச் சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன்.) எலும்பில் தாது எவ்வளவு இருக்கிறது என்பதை டெக்ஸா ஸ்கேன் சொல்லிவிடும். அந்தத் தாதுவைத் தாங்கும் கொலாஜன் இழைகள் சரியாகப் பின்னியிருக்கின்றனவா என்று சொல்லாது. ஹோமோசிஸ்டீன் கூடினால் அந்தப் பின்னல் கெடும் என்பது ஒரு விளக்கம். பிறவியிலேயே அது எக்கச்சக்கமாக ஏறும் ஹோமோசிஸ்டினூரியாவில் சின்ன வயதிலேயே எலும்பு மெலிந்துவிடும்.

2004-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. நெதர்லாந்தில் ஒன்று, அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் ஒன்று. ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு எலும்பு முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஃப்ரேமிங்ஹாம் ஆண்களிடம் இடுப்பு எலும்பு முறிவு நான்கு மடங்கை நெருங்கியது. அப்படியானால் பி வைட்டமின் கொடுத்து இறக்கிவிட்டால் போயிற்று என்றுதானே தோன்றும்? நெதர்லாந்திலேயே பி-ப்ரூஃப் என்ற ஆய்வில் 65 வயதைத் தொட்ட 2,900 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு தினமும் 500 மைக்ரோகிராம் பி12, 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், இரண்டு வருடம் கொடுத்தார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது. மொத்தத்தில் எலும்பு முறிவு குறையவில்லை. புகையை விசிறி விரட்டிய கதைதான். எண் ஏறினாலே சத்து மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பி6-ஐ அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் நரம்பே கெடும்.

அதற்காக இந்தப் பரிசோதனை வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு அம்மாவுக்கு ஒரே வருடத்தில் மணிக்கட்டு முறிந்தது, அப்புறம் முதுகெலும்பு. ஐஸில் ஒழுங்காக வந்த குழாயிலேயே 38. பி12 மிகக் குறைவு. கையெழுத்துப் போடும் முன் இந்த முறை நானே போன் செய்தேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை, இரண்டும் பல வருடமாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டுமே பி12-ஐக் குறைக்கக்கூடியவை. "பாதம் மரத்துப்போய், இருட்டில் தடுமாறுறாங்க" என்றார் டாக்டர். பி12 குறைந்தால் நரம்பு கெட்டு இப்படி ஆகும். எலும்பு மெலிந்திருந்ததோ இல்லையோ, அந்த அம்மா விழுந்துகொண்டே இருந்திருக்கிறார். பி12 ஊசி போட்டு இரண்டு மாதத்தில் 12-க்கு வந்தது. தடுமாற்றம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று பின்னால் கேள்விப்பட்டேன். எனக்கு அந்த 12-ஐ விட அதுதான் பெரிதாகப் பட்டது.

போன வாரம் ஒரு குழாய் வெதுவெதுப்பாக வந்தது. ஒட்டுச்சீட்டில் எடுத்த நேரமும் இல்லை. வார்டுக்குப் போன் செய்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் எடுத்தாள்.

"மறுபடியும் குத்தணுமா அக்கா? பாட்டிக்கு நரம்பே கிடைக்கல."

"ஆமாம்மா. நிதானமா எடு. ஐஸ் டப்பாவோட நானே வரேன்."