விழுந்துக்கிட்டே இருக்காங்க

மார்ச் 3

இன்னிக்கு பசங்களுக்கு சர்வதேச விண்வெளி நிலையத்தப் பத்தி பேசப் போயிருந்தேன். உள்ள ஆளுங்க மிதக்குற வீடியோவ போட்டுட்டு, பழக்கதோஷத்துல “அங்க ஈர்ப்பு விசையே கிடையாது, அதான் மிதக்குறாங்க”ன்னு சொல்லிட்டேன். கடைசி வரிசைல இருந்து ஒரு பொண்ணு எந்திரிச்சு, “அப்போ அதவிட தூரத்துல இருக்குற நிலாவ எது சார் புடிச்சு வச்சிருக்கு?”ன்னு கேட்டா.

நிலையம் இருக்குறது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல. நிலா 3,84,000 கிலோமீட்டர். எவ்ளோ கரெக்டான கேள்வி! “நீ கேட்டதுதான்மா சரி, நான் சொன்னது தப்பு, அடுத்த வாரம் ஒழுங்கா சொல்றேன்”னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்தேன்.

மார்ச் 4

மனசு கேக்கல. அந்த உயரத்துலயும் தரைல இருக்குற ஈர்ப்புல கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு, இது எனக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சும் சுலபமா புரியட்டும்னு பொய்ய சொல்லிட்டேன். ‘ஜீரோ கிராவிட்டி’ங்குற பேரே பாதி குழப்பத்துக்கு காரணம்னு நினைக்குறேன். சுலபமா சொல்றது வேற, தப்பா சொல்றது வேற, இந்த வித்தியாசத்துல நான் இனிமே கவனமா இருக்கணும்.

மார்ச் 7

பிளாஸ்டிக் பாட்டில் அடில ஆணிய வச்சு ஒரு ஓட்ட போட்டு, தண்ணி ஊத்தி, மூடிய தொறந்தே வச்சு தூக்கிப் புடிச்சேன். நூல் மாதிரி தண்ணி பீச்சுது. கைய விட்டேன், விழற அந்த அரை செகண்டும் ஓட்டைல இருந்து ஒரு சொட்டு வரல! கண்ணுக்கு சரியா சிக்கல, ஃபோன்ல ஸ்லோமோஷன்ல எடுத்து திரும்பத் திரும்ப பார்த்தேன். பாட்டிலும் தண்ணியும் ஒண்ணா ஒரே வேகத்துல விழறதால தண்ணிக்கு பாட்டில அழுத்த வேலையே இல்ல. நிலையத்துக்குள்ள நடக்குறதும் இதேதான்.

மார்ச் 10

தரையெல்லாம் தண்ணி, பசங்க ஒரே கூச்சல். அந்தப் பொண்ணு மட்டும் விடல. “நிலையம் விழுதுன்னா இந்நேரம் தரைக்கு வந்திருக்கணுமே சார்?” போர்டுல பூமிய வரைஞ்சு காட்டினேன். நிலையம் ஒரு செகண்டுல ஏழரை கிலோமீட்டருக்கு மேல முன்னாடி ஓடுது, அதே செகண்டுல நாலு மீட்டர் சொச்சம் கீழயும் விழுது, ஆனா அவ்ளோ தூரம் போறதுக்குள்ள உருண்டையான பூமியும் அதே அளவு கீழ வளைஞ்சு இறங்கிடுது, அதனால தரை எட்டவே மாட்டேங்குது. நிலாவும் இப்படித்தான் விழுந்துக்கிட்டே சுத்துதுன்னதும் அவ முகத்துல வந்த வெளிச்சம் இருக்கே, அதுக்காக எத்தன பாட்டில் வேணாலும் போட்டு உடைக்கலாம்.

கிளம்பும்போது பக்கத்துல வந்து, “அப்போ எப்பவுமே கீழ வராதா?”ன்னா. அந்த உயரத்துலயும் மெல்லிசா காத்து இருக்கு, அது கொஞ்சங் கொஞ்சமா வேகத்தக் கொறைக்கும், அப்பப்போ இன்ஜின் போட்டு மேல தள்ளி விடணும், தள்ள முடியாமப் போன ஸ்கைலேப்ங்குற பழைய அமெரிக்க விண்வெளி நிலையம் 1979ல ஆஸ்திரேலியா பக்கம் துண்டு துண்டா விழுந்துச்சுன்னு சொன்னேன். ‘ஸ்கைலேப்’னு நோட்டுல எழுதி அடில ரெண்டு கோடு போட்டுக்கிட்டா.