பஸ் ஸ்டிரைக்கில் பயணியை நம் பக்கம் வைத்திருக்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி டிப்போக்களில் சங்க வேலை பார்க்கிறவர்களுக்காக இது.

நோட்டீஸ் கொடுப்பது சுலபம். கிளை மேலாளருக்கும் தொழிலாளர் துறை சமரச அலுவலருக்கும் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கி வையுங்கள். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் ஆகும் முன் ஸ்டிரைக் தொடங்கக் கூடாது; அந்தக் கணக்குக்கு அந்தத் தேதிதான் ஆதாரம். பழைய தொழில் தகராறு சட்டத்திலும் 14 நாள்தான். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அதேதான். சமரசப் பேச்சு நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையிலும் வண்டியை நிறுத்தினால் சட்டவிரோதம். "எல்லாரும் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட்டுடலாம்" என்ற பழைய யோசனையும் இனி எடுபடாது. பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து எடுத்தால் புதிய சட்டத்தில் அதுவும் ஸ்டிரைக்தான்.

ஸ்டிரைக்கில் சங்கத்தின் பேர் கெடுவது பெரும்பாலும் ஹால்ட் வண்டியில். மலைப்பக்கம் இரவு தங்கும் பஸ்தான் விடிகாலையில் பிள்ளைகளையும் பூ மூட்டையையும் தக்காளிக் கூடையையும் டவுனுக்குக் கொண்டுவரும். நள்ளிரவு 12 மணி முதல் ஸ்டிரைக் என்று அறிவித்தால் முதலில் போவது அந்த டிரிப்தான். ஹால்ட் வண்டிகள் டிப்போ திரும்பிய பிறகு தொடங்குவதாக நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள். 2018 ஜனவரி 4 மாலை அரசோடு சம்பளப் பேச்சு முறிந்ததும் வண்டிகள் நின்றன. வழியில் மாட்டிக்கொண்டவரிடம் சம்பளத்தை 2.57ஆல் பெருக்கித் தர வேண்டும், 2.44ஆல்தான் பெருக்கித் தருகிறார்கள் என்று சம்பளக் கணக்கு பேசி என்ன பயன்? 11ஆம் தேதி ஸ்டிரைக் முடிந்தது, 20ஆம் தேதி டிக்கெட் விலை ஏறியது. இரண்டையும் முடிச்சுப்போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பண்டிகைக்கு முன் நிறுத்தினால் அரசுக்கு நெருக்கடி கூடும் என்பார்கள். ஜனங்களின் கோபமும் கூடும். 2024இல் ஜனவரி 9 அன்று தொடங்கியபோது, பொங்கல் நேரத்தில் மக்களை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் கேட்டது. மறுநாளே 19 வரை தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

சேலம் ரோட்டில் தனியார் பஸ் ஓடும். அங்கே யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. அடிபடுவது டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் வேலைக்குப் போகிற பெண்கள். ஷேர் ஆட்டோவுக்கு அவர்கள் கொடுப்பது அன்றைய கூலியிலிருந்து. எனவே துண்டறிக்கை முதலில் அவர்கள் கைக்குப் போகணும், ஒரு வாரம் முன்பே, கண்டக்டர் கையாலேயே. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சடியுங்கள். 'அகவிலைப்படி நிலுவை' என்று ஆரம்பித்தால் சீட்டுக்கு அடியில் கிடக்கும். 'கண்டக்டர் ஆள் போடாததால் உங்கள் ஊர் சாயங்கால டிரிப் கட்' என்று நேரத்தோடு போட்டால் நின்று படிப்பார்கள்.

தற்காலிக டிரைவர் ஓட்டும் வண்டியை மறிக்க வேண்டாம். ஒரு கண்ணாடி உடைந்தால் அன்றைய செய்தியே அதுதான். கோரிக்கை உள்பக்கத்துக்குப் போய்விடும்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டு வைத்து, எந்த ஊருக்குத் தனியார் வண்டி எத்தனை மணிக்கு என்று எழுத இரண்டு பேரை உட்கார வையுங்கள். ஷேர் ஆட்டோவின் வழக்கமான கட்டணத்தையும் அதிலேயே எழுதுங்கள். ஆட்டோக்காரர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை.