சக்கரக்கோட்டைக் கண்மாயில் வீட்டோட மாப்பிள்ளைகள்

விடியக்காலையிலேயே மச்சானோடு ராமநாதபுரம் பக்கத்துச் சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்தாச்சு. எதிர்க்கரைக் கருவேல மர நிழலில் நீலச்சிறகி வாத்துகள். ஐப்பசியில் வந்தபோது ஆணும் பெண்ணும் ஒரே மங்கல் பழுப்பு. தை முடியப்போகும் இப்போது ஆணுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை, யாரோ விரலில் சுண்ணாம்பு தொட்டு இழுத்துவிட்ட மாதிரி.

வலசை வாத்துகள் பலவும் ஜோடி சேர்வது குளிர்காலத்தில், வந்த இடத்தில்தான். அப்புறம் ஆண் தன் ஊருக்குப் போகாமல் பெண் பிறந்த ஊருக்கே, அது சைபீரியாவோ கஜகஸ்தானோ, பின்னாலேயே பறந்துவிடும். அதனால்தான் தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஊருக்கு ஊர் கொஞ்சம் வித்தியாசம் தங்கினாலும், தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவில் எல்லாம் கலந்துபோய், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி முட்டையிடும் கூட்டங்கள்கூடக் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரிகின்றன. ஆக, அந்தக் கலப்புக் கல்யாணத்துக்கு நம்ம கண்மாயும் ஒரு மண்டபம். 2025-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வேறு சேர்ந்துவிட்டது.

"அப்ப இதுகளும் வீட்டோட மாப்பிள்ளைதானா?" என்றான் மச்சான். அவனும் அப்படித்தான் என்பதால் நான் சிரிக்கவில்லை.

கரையில் ஒரு இறகு கிடந்தது. அடித்தண்டில் ஒட்டியிருக்கும் செல்கள் போதும், டிஎன்ஏ எடுத்துவிடலாம் என்று ஆசையாகக் காட்டினேன். வாங்கிக் காது குடைந்துகொண்டிருக்கிறான்.