பழைய சக்கரமும் பஃபிங் மேசையும்

சென்னையில் பழைய கார் சக்கரங்களைப் புதுப்பிக்கும் பட்டறையொன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுங்க." ஆக்க முடியுமா என்பதைவிட, ஆக்கலாமா என்று முடிவு செய்வதில்தான் எங்களுக்கு நேரம் அதிகம் போகிறது, ஏனெனில் சுழலும் துணிச் சக்கரத்தால் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் மேசையில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் சக்கரம் தன் உலோகத்தில் சிறிதளவை இழந்துவிட்டே இறங்குகிறது.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற வண்டிகளின் சக்கரங்கள் இரும்புத் தகட்டால் ஆனவை; அவற்றில் மின்னுவது நடுவே மாட்டிய குரோம் மூடி மட்டுமே. அந்தக் குரோம், நிக்கல் பூச்சின் மேல் படிந்த மிக மெல்லிய படலம். மேலோட்டமான துருப்புள்ளிகள் என்றால், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போய்விடும். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது என்பதால் கீறல் விழாது. ஆனால் குரோம் தேய்ந்து நிக்கலின் இளமஞ்சள் சாயல் தெரியத் தொடங்கிய மூடியை எவ்வளவு பஃபிங் செய்தாலும் பழைய நிறம் வராது. அதை முலாம் பூசுகிறவர்களிடம் அனுப்புவதே முறை.

அலாய் வீல்களில்தான் சிக்கல் கூடுதல். அவற்றில் பெரும்பாலானவை, ஏறக்குறைய ஏழு விழுக்காடு சிலிக்கான் கலந்த அலுமினியத்தில் வார்க்கப்பட்டு, மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற காப்புப் பூச்சு அடிக்கப்பட்டவை. வெளியே தெரியாத ஓரிடத்தில் பாலிஷைத் தொட்டுத் துணியால் தேய்த்துப் பார்ப்போம். துணி உடனே கறுத்தால் அது வெற்று அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. அது தெரியாமல் பாலிஷை வாங்கி வந்து வீட்டில் மணிக்கணக்கில் தேய்ப்பவர்கள், மங்கிப்போன கிளியர் கோட்டைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடற்கரையோரம் ஓடும் வண்டிகளின் சக்கர விளிம்பில், கிளியர் கோட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள் கிளைத்திருக்கும். சக்கரம் அதிராமல் சுழல விளிம்பில் மாட்டும் பேலன்சிங் எடையின் கொக்கி கீறிய இடத்திலோ, நடைபாதைக் கல்லில் உரசிய இடத்திலோ உப்பும் ஈரமும் நுழைந்து, பூச்சைத் தூக்கிக்கொண்டே உள்ளே பரவியதன் விளைவு அது. அங்கே ஒட்டுப்போட்டுப் பயனில்லை. பழைய பூச்சு முழுவதையும் கரைப்பான் கொண்டு அகற்றி, அரிப்பு இருந்த குழிகளின் அடிவரை போக வேண்டும்.

அதற்குப் பிறகுதான் வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்; 320-இல் தொடங்கி 400, 600, 800, 1000 என்று ஏறுவோம். ஒவ்வொரு தாளும் அதற்கு முந்தைய தாள் விட்ட கோடுகளை முழுவதும் அழித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரத்தில் ஒரு படியைத் தாண்டிவிட்டால், பஃபிங் முடிந்து வெயிலில் வைக்கும்போது அந்தக் கோடுகள் பளபளப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். பஃபிங்கிலும் முதலில் கரடான பஃபிங் சக்கரமும் வெட்டும் தன்மையுள்ள பழுப்பு மெருகுக் கட்டியும், கடைசியில் மெல்லிய பருத்திச் சக்கரமும் நுண்ணிய கட்டியும். அழுத்தம் கூடினால் உலோகம் சூடேறி, மேலே கருமை இழுத்துக்கொள்ளும். அலுமினியத் தூசி தீப்பற்றக்கூடியது என்பதால், தீப்பொறி பறக்க இரும்பு அரைக்கும் இயந்திரத்தின் அருகே இந்த மேசையைப் போடக் கூடாது. இடம் போதாத பட்டறைகள் முதலில் கைவிடுவது இந்த விதியைத்தான்.

குறுக்குவழி தேடுகிறவர்கள் கையில் எடுப்பது ஆசிட். கழிப்பறைக்கு விற்கும் ஆசிட்டை ஊற்றினால் பிரேக் தூசி கரைந்து, சக்கரம் நொடியில் வெளுத்துவிடும். பார்க்கிறவர்களுக்கு மலைப்பாகவும் இருக்கும். கூடவே உலோகமும் கரைந்து சொரசொரப்பாவதால், அடுத்த அழுக்கு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். காஸ்டிக் சோடாவோ அலுமினியத்தை மட்டும் தின்றுவிட்டுச் சிலிக்கானை விட்டுவைக்கும். சாம்பல் கறுப்பாக வந்து சேரும் சக்கரங்கள் பல இப்படித்தான் ஆனவை.

டயரைக் கழற்றாமல் செய்யச் சொல்கிறவர்களும் உண்டு. நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. டயர் உட்காரும் விளிம்பில் அரிப்பு இருந்தால் காற்று கசியும். உட்புறத்து விரிசல் டயர் இருக்கும்வரை தெரியாது. விரிசல் கண்ட சக்கரத்தைச் சுண்ணக்கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். "வெல்டு வச்சு பாலிஷ் போட்டா யாருக்குத் தெரியும், அண்ணே?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது என்பதுதான் பயம்: இந்தச் சக்கரங்களின் வலிமை வார்ப்புக்குப் பின் கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது, வெல்டிங் சூடு அந்தப் பதத்தைச் சுற்றுவட்டத்தில் கெடுத்துவிடும், மேலே போடும் மெருகு அதை மறைத்துவிடும்.

முடித்த சக்கரத்துக்கு மீண்டும் கிளியர் கோட் அடிக்க வேண்டுமா என்பதில் எங்கள் பட்டறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வெற்று அலுமினியத்தின் ஆழ்ந்த மினுக்கு கிளியர் கோட்டுக்கு அடியில் சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நிற்கும் வண்டிக்கு வெற்று மெருகு கொடுத்தால், உரிமையாளர் அடிக்கடி கையால் துடைத்துப் பராமரிக்க வேண்டியிருக்கும். அதற்கு மனமும் நேரமும் உள்ள பழைய வண்டிப் பிரியர்களுக்கு மட்டும் அப்படிச் செய்து தருகிறோம். மற்றவர்களுக்குக் கிளியர் கோட் அடித்து, டயர் கடையில் கொக்கி எடைக்குப் பதிலாக உட்புறத்தில் ஒட்டும் எடையைக் கேட்டு வாங்கச் சொல்லி அனுப்புகிறோம்.